டார்ச்சைக் கடைசியாக வாங்குங்கள்

கண்ணாடியை உருக்கி, மாலையில் கோக்கிற மணிகள் செய்வதற்கான என் எரிவாயு டார்ச் வந்து சேர்ந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. உள்ளங்கையை விடச் சற்றே பெரிய உலோகத் தலை, அதைத் தாங்க ஒரு கால், சிவப்பும் பச்சையுமாக இரண்டு திருகு. பெட்டியைப் பிரித்து மேஜையில் வைத்தேன், நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், போட்டோ எடுத்தேன். அப்புறம் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். அடுத்த இரண்டரை மாதம் அது அங்கேதான் இருந்தது. அதைப் பற்றவைக்கத் தேவையான எதுவும் என்னிடம் இல்லை. ஆக்சிஜன் இல்லை, ரெகுலேட்டர் இல்லை, புகையை வெளியே தள்ள வழி இல்லை, செய்த மணியைப் பக்குவமாக ஆற வைக்கச் சூளை இல்லை. ஒதுக்கி வைத்திருந்த காசில் பாதிக்கு மேல் டார்ச்சுக்கே போயிருந்தது. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசு தேடுகிற நிலைமை.

சுடரில் கண்ணாடியை உருக்கி மணியும் சிறு உருவங்களும் செய்வதைத்தான் லேம்ப்வொர்க்கிங் என்கிறார்கள். விளக்கு என்ற பெயர் பழைய காலத்து மிச்சம். அப்போது எண்ணெய் விளக்கின் சுடருக்குக் காலால் துருத்தி மிதித்துக் காற்றுக் கொடுத்து வேலை செய்தார்கள். லியோபோல்ட் பிளாஷ்கா, அவர் மகன் ருடால்ஃப் இருவரும் 1887 முதல் 1936 வரை ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காகச் செய்து கொடுத்த கண்ணாடிப் பூக்களை ஒருமுறை படத்திலாவது பாருங்கள். சுமார் 780 தாவர இனங்கள், 4,300-க்கும் மேற்பட்ட மாதிரிகள். இதழின் ஓரச் சுருக்கம்கூட விட்டுப்போகவில்லை. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. என் முதல் மணி உருளைக்கிழங்கு மாதிரி வந்தது என்பது வேறு விஷயம்.

டார்ச் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த நாட்களில், இந்த வேலையில் பல வருஷம் ஊறிய ஒரு அக்காவின் பட்டறையில் இரண்டு நாள் உட்கார இடம் கிடைத்தது. போனதும் நான் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, என் டார்ச் நல்ல டார்ச்சா?" அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தம்பி, நீ எந்தக் கண்ணாடியை உருக்கப்போற? அதை முதல்ல சொல்லு" என்றார். என்னிடம் பதில் இல்லை. கண்ணாடியில் என்ன வகை, கண்ணாடி கண்ணாடிதானே என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த வேலைக்கு வரும் கண்ணாடிக் கம்பிகளில் ஒரு எண் இருக்கும். 104, 90, 33 என்று. சூடானால் எவ்வளவு விரிகிறது என்பதைச் சொல்லும் எண் அது. ஒரு மீட்டர் நீளக் கம்பியை 100 டிகிரி சூடேற்றினால் 104 கண்ணாடி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளும். 33 என்பது போரோசிலிகேட், சோதனைக்கூடக் குடுவைகள் செய்கிற ஜாதி. அது அதில் மூன்றில் ஒரு பங்குதான் நீளும். இரண்டையும் உருக்கி ஒட்டினால் சூட்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்கும், மற்றது கம்மியாகச் சுருங்கும், நடுவில் பிளக்கும். பழைய பாட்டிலை உடைத்து மணிக்குள் சேர்க்கலாமே என்ற யோசனை எல்லாருக்கும் ஒருநாள் வரும். பாட்டிலைத் தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு எண்கள் ஒரே மணிக்குள் சேரக் கூடாது. எண் எழுதாத கம்பி இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மணி செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் 104-ல்தான் தொடங்குகிறார்கள். இத்தாலியின் எஃபெட்ரே நிறுவனக் கண்ணாடி இந்த வகை. பழைய ஆட்கள் அதை இன்னும் மொரெட்டி என்பார்கள். சீக்கிரம் இளகும், நிறங்கள் ஏராளம், சிறிய டார்ச்சே போதும். போரோவுக்குச் சூடு அதிகம் வேண்டும், அதனால் ஆக்சிஜனும் அதிகம் வேண்டும், கண்ணுக்கு வேறு கண்ணாடி வேண்டும், சூளையில் வேறு வெப்பநிலை வைக்க வேண்டும். ஆனால் போரோ வெப்ப அதிர்ச்சியைத் தாங்கும். பெரிய உருவம், குழாய் வேலை என்று போகிறவர்களுக்கு அதுதான் சரி. ஆக, கம்பியின் எண்ணை முடிவு செய்தால் மற்றதெல்லாம் தானாக முடிவாகிவிடும். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

கண்ணாடி வாங்குவதிலும் ஒரு கூத்து நடந்தது. நாற்பது நிறங்கள் அடங்கிய கட்டு ஒன்று சலுகையில் கிடைத்தது. வானவில்லையே விலைக்கு வாங்கிவிட்ட மாதிரி இருந்தது. முதல் ஆறு மாதத்தில் நான் தொட்டது ஏழு நிறம். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். 12 மில்லிமீட்டர் உருண்டை மணி ஒன்றுக்குச் சுமார் 2 கிராம் கண்ணாடி போகிறது. ஒரு கிலோவில் நானூறு மணிக்கு மேல் வரும். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு மூன்று மணிகள் உருப்படியாக வந்தாலே பெரிது. அரைக் கிலோ வாங்கினால் பல மாதம் ஓடும்.

எந்த நிறங்கள் என்று கேட்டால், கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, ஊடுருவும் நீலமும் பச்சையும், அப்புறம் தந்த நிறமும் டர்க்காய்ஸ் என்னும் பச்சை கலந்த நீலமும். கடைசி இரண்டும் எதற்கு என்றால், தந்த நிறத்தில் கந்தகம் இருக்கிறது, டர்க்காய்ஸில் செம்பு இருக்கிறது. இரண்டும் சூட்டில் தொட்டுக்கொண்டால் எல்லையில் மை தடவியது போல ஒரு கருங்கோடு தானாக விழும். கண்ணாடி என்பது வர்ணம் அல்ல, ரசாயனம் என்று அந்த ஒரு கோடு சொல்லிவிடும். கறுப்புக் கம்பியையும் ஒருமுறை சூடாக்கி மயிரிழையாக இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எஃபெட்ரேயின் வழக்கமான கறுப்பு கறுப்பே இல்லை. அடர்த்தியான ஊதா. ஏமாந்துவிட்டோம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். சுத்த ஊடுருவும் நிறமில்லாக் கண்ணாடி சுலபமாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் புகைக்கறை, குமிழி எல்லாவற்றையும் அப்படியே காட்டிக்கொடுக்கும். அது பிறகு. பளீர் ஆரஞ்சும் மஞ்சளும் காட்மியம் சேர்ந்தவை. காற்றோட்டம் சரியாகும் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

காற்றோட்டம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் அலட்சியம் காட்டியது இதில்தான். ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு டேபிள் ஃபேனைப் போட்டால் போதும் என்று நினைத்தேன். புகையே தெரியவில்லையே, எதை வெளியேற்ற? ஆபத்தே அந்தத் 'தெரியவில்லையே'யில்தான் இருக்கிறது. அவ்வளவு சூடான சுடர் சுற்றியுள்ள காற்றில் இருக்கும் நைட்ரஜனையே ஆக்சிஜனோடு சேர்த்துவிடுகிறது. அப்படி உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகள் நுரையீரலைப் பதம் பார்ப்பவை. மூச்சுக்குள் போன உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்து வேலையைக் காட்டவும் கூடும். எரிவாயு சரியாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நிறக் கண்ணாடிகளிலிருந்து உலோக ஆவி தனி.

அக்கா ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தார். டார்ச் வைக்கும் இடத்தில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்து, வேலை செய்வது போல உட்கார். புகை எங்கே போகிறது என்று பார். வீட்டுக்கு வந்து செய்து பார்த்தேன். ஜன்னல் திறந்திருக்கிறது, ஃபேன் ஓடுகிறது. புகை நேராக மேலே எழுந்தது, ஒரு கணம் தயங்கியது, வளைந்து வந்து என் மூக்கிலேயே ஏறியது. ஃபேனைத் திருப்பி வைத்தேன், ஜன்னல் பக்கம் போவது போலப் போய்ச் சுவரில் மோதி முழு அறைக்கும் பரவியது. அன்றைக்குத்தான் டார்ச் பெட்டிக்குள் இருப்பதும் நல்லதுக்குத்தான் என்று தோன்றியது.

வேண்டியது, வேலை செய்யும் இடத்தை மூன்று பக்கமும் மேலேயும் மூடுகிற தகரக் கூண்டு, அதன் உச்சியிலிருந்து வெளியே போகும் குழாய், குழாயில் ஒரு நல்ல எக்ஸாஸ்ட் விசிறி. கூண்டின் திறந்த வாயில் காற்று விநாடிக்குச் சுமார் அரை மீட்டர் வேகத்தில் உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வாய் 90 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் மணிக்கு ஏறத்தாழ ஆயிரம் கன மீட்டர் காற்று. குளியலறையில் மாட்டுகிற சாதாரண விசிறி இதில் ஒரு சிறு பங்குதான் இழுக்கும். குழாயின் நீளமும் வளைவுகளும் இழுப்பைக் குறைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வெளியே போகிற அளவு காற்று உள்ளே வரவும் வேண்டும். அறையை இறுகச் சாத்திவிட்டு எவ்வளவு பெரிய விசிறி போட்டாலும் அது சும்மா உறுமும், அவ்வளவுதான். உங்கள் முதுகுப் பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருந்தால் காற்று உங்களைத் தாண்டிப் போய்ச் சுடரைத் தழுவி வெளியேறும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் அறையில் மாட்டிவிடுங்கள். இத்தனையும் முடிய எனக்கு ஒரு மாதம் ஆனது. போட்டோ எடுத்துப் போடும்படியான பொருள் எதுவும் இதில் இல்லை. அதனால்தான் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை போல.

சரி, இப்போது டார்ச்சுக்கு வருகிறேன். ஆரம்பக்காரர்கள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஹாட் ஹெட் போன்ற ஒற்றை வாயு டார்ச். எரிவாயு மட்டும் போதும், ஆக்சிஜனுக்குச் சுற்றுக் காற்றையே இழுத்துக்கொள்ளும். மொத்தச் செலவு குறைவு. ஆனால் சூடு நிதானமாகத்தான் ஏறும், சத்தமோ ஓயாது. சின்னச் சிலிண்டரை நேராக மாட்டி ஓட்டினால் வேலை நடுவில் சிலிண்டர் ஜில்லென்று ஆகி வெளியே பனி படரும், அழுத்தம் இறங்கும், சுடர் சோரும். 104 கண்ணாடியில் சின்ன மணிகள் செய்து, இந்த வேலை நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க இது தாராளமாகப் போதும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பதாக இருந்தால் நான் இதைத்தான் வாங்குவேன்.

இரண்டாவது, எரிவாயுவும் ஆக்சிஜனும் தனித்தனியாக வந்து டார்ச்சின் முகப்பில் கலக்கிற வகை. சர்ஃபேஸ் மிக்ஸ் என்பார்கள். நார்ட்டெல் மைனர் இதில் பலரும் தொடங்குகிற ஒன்று. வாயுக்கள் உடம்புக்குள் கலப்பதில்லை என்பதால் சுடர் உள்ளே திரும்பிப் பாயும் பயம் குறைவு, சத்தமும் குறைவு. எரிவாயுவான புரொப்பேனும் காற்றும் எரிந்தால் சுடர் அதிகபட்சம் 2,000 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். சுத்த ஆக்சிஜனோடு எரிந்தால் 2,800-ஐத் தொடும். அந்த வித்தியாசம் கையில் தெரியும். ஹாட் ஹெட்டில் கம்பியின் நுனி சோம்பலாக உருண்டையாகும். இதில் கண் மூடித் திறப்பதற்குள் தேன் மாதிரி வழியும், புதுசாக வந்தவன் பதறிப்போவான்.

ஆக்சிஜனுக்குச் சிலிண்டர் வைக்கலாம், ஆனால் அதைச் சுமந்து போய் நிரப்பி வருவது ஓயாத வேலை. மருத்துவ உபயோகத்துக்கான ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் பலருக்கும் பிடித்த வழி. உள்ளே சியோலைட் என்ற துகள்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, மிச்சமான, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் உள்ள காற்றை வெளியே விடும். நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஒரு இயந்திரம் சின்ன டார்ச்சுக்கும் 104 கண்ணாடிக்கும் போதும். நான் பழையது ஒன்றை வாங்கினேன். ஓடியது, காற்றும் வந்தது. ஆனால் என்ன திருகினாலும் சுடர் கூர்மையாகவில்லை. நுனியில் மஞ்சள் போகவில்லை, டர்க்காய்ஸ் கம்பி செங்கல் நிறத்துக்குக் கறைபட்டது. மூன்று வாரம் என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தெரிந்தவர் ஒருவர் அளவு பார்க்கும் கருவியோடு வந்தார். 78 சதவீதம் காட்டியது. துகள்கள் ஈரம் வாங்கித் தேய்ந்துபோயிருந்தன. பழைய கான்சன்ட்ரேட்டர் வாங்குவதானால் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரைப் பாருங்கள். அரை மணி நேரம் ஓட விட்டு, அந்தச் சூட்டிலேயே ஆக்சிஜன் அளவை அளந்த பிறகு காசைக் கொடுங்கள். விற்றவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எரிவாயுப் பக்கம் சிக்கனம் கூடவே கூடாது. டார்ச்சுக்கு ஏற்ற ரெகுலேட்டர், புரொப்பேனுக்கென்றே உள்ள ஹோஸ், சுடர் திரும்பிப் பாய்ந்தால் தடுக்கிற ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர். அசெட்டிலீனுக்கான ஹோஸ் பார்வைக்கு ஒன்று போலவே இருந்தாலும் புரொப்பேன் அதன் ரப்பரை நாளடைவில் அரித்துவிடும். எரிவாயு இணைப்பின் மரை இடது பக்கம் சுற்றும். மாட்ட முடியவில்லையே என்று நான் பத்து நிமிடம் மல்லுக்கட்டியது இதனால்தான். மாற்றி மாட்டிவிடக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். புரொப்பேன் காற்றை விட ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் தரையோடு படுத்துக்கிடக்கும். அதனால் சிலிண்டர் கட்டிடத்துக்கு வெளியே, நிமிர்ந்து நிற்க வேண்டும். அடித்தள அறை வேண்டவே வேண்டாம். எங்கே வைக்கலாம் என்று உங்கள் ஊரில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கேட்டுக்கொள்வதும் வாங்கும் வேலையில் சேர்ந்ததுதான். ஆக்சிஜன் இணைப்புகளில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக் கூடாது, கைக்குத் தடவிய கிரீம்கூட. பற்றவைக்கும்போது முதலில் எரிவாயு, பிறகு ஆக்சிஜன். அணைக்கும்போது முதலில் ஆக்சிஜன், பிறகு எரிவாயு.

கண்ணுக்கு வருவோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள், இந்த வேலைக்கு அது அப்படியே பொருந்தும். சூடேறும் கண்ணாடியிலுள்ள சோடியம் 589 நானோமீட்டர் அலைநீளத்தில் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக எரியும். அந்த ஒளிப்பந்துக்குள் கண்ணாடி என்ன ஆகிறது என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதை வடிகட்டுகிற லென்ஸ் டிடிமியம். பெயரின் கதை வேடிக்கையானது. 1841-ல் மொசாண்டர் என்ற வேதியியலாளர் புதுத் தனிமம் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, கிரேக்க மொழியில் இரட்டை என்று பொருள்படும் இந்தப் பெயரை வைத்தார். 1885-ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் அதைப் பிரித்துப் பார்த்தால் நிஜமாகவே இரண்டு, பிரசியோடிமியமும் நியோடிமியமும். காஸ் விளக்கின் மேண்டிலைக் கண்டுபிடித்ததும் அதே மனிதர்தான். தனிமங்கள் பட்டியலிலிருந்து டிடிமியம் போய்விட்டது, எங்கள் மூக்கின் மேல் மட்டும் இருக்கிறது.

முதல்முறை அதைப் போட்டுக்கொண்டு அக்காவின் சுடரைப் பார்த்தபோது யாரோ திரையை விலக்கிய மாதிரி இருந்தது. ஆரஞ்சுப் பந்து காணாமல் போய், சுடருக்குள் கம்பியின் நுனி மெதுவாகச் சுற்றுவதும், அதன் ஓரம் தொய்வதும், உள்ளே ஒரு குமிழி நகர்வதும் தெளிவாகத் தெரிந்தன. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். டிடிமியம் அகச்சிவப்புக் கதிரை அவ்வளவாகத் தடுக்காது. 104 கண்ணாடியில் சின்ன வேலைக்கு அது பொதுவாக ஏற்றது. போரோ செய்கிறவர்களுக்கு வெல்டிங் கண்ணாடியின் கருமையும் சேர்ந்த லென்ஸ் வேண்டும். வெயில் கண்ணாடி எதற்கும் உதவாது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதன் மேல் மாட்டிக்கொள்ளும் வகையை வாங்கலாம். கம்பி சில சமயம் சுடரில் படபடவென்று வெடித்துச் சில்லாகத் தெறிக்கும். அந்த வகையிலும் இது காப்பு.

இனி சூளை. நான் கடைசியாக வாங்கியது. மூன்றாவதாகவாவது வாங்கியிருக்க வேண்டும். சூளை இல்லாமலும் மணி செய்யலாம், சின்ன மணியைப் பீங்கான் நார்ப் போர்வைக்குள்ளோ, சூடாக்கிய வெர்மிகுலைட் என்னும் கனிமத் துகளுக்குள்ளோ செருகி மெதுவாக ஆற விடலாம் என்று படித்திருந்தேன். படித்ததில் தப்பில்லை. பாதிதான் படித்திருந்தேன். அப்படிச் செய்வது மணியை உடையாமல் அறை வெப்பத்துக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். மணிக்குள் பூட்டிக்கிடக்கும் இறுக்கம் போகாது.

இது எனக்குப் புரிந்த விதம் இதுதான். வெர்மிகுலைட்டில் ஆற வைத்து எடுத்த மணிகள் ஒரு இருபது இருந்தன. அழகான, வழவழப்பான மணிகள். ஒரு கிண்ணத்தில் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன், போகிறபோது வருகிறபோது எடுத்து உருட்டிப் பார்ப்பேன். மூன்றாவது வாரம், நடு ராத்திரி, வீடே அடங்கியிருந்த நேரத்தில், டிக் என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். காலையில் கிண்ணத்தில் பார்த்தால் எனக்கு ரொம்பப் பிடித்த நீல மணி துளை நெடுக இரண்டாகப் பிளந்து கிடந்தது. யாரும் தொடவில்லை, எதுவும் விழவில்லை. அதற்கடுத்த பத்து நாளில் இன்னும் நாலு மணி. ஒவ்வொரு டிக் சத்தத்துக்கும் எந்த மணி என்று ஊகிக்கும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

கண்ணாடி ஆறும்போது வெளிப்பக்கம் முதலில் இறுகுகிறது, உள்பக்கம் பின்னால் சுருங்க முயல்கிறது, ஏற்கெனவே இறுகிய வெளித்தோல் விடுவதில்லை. அந்த இழுபறி அப்படியே உறைந்துவிடும். அதைத் தளர்த்த 104 கண்ணாடியை 510 முதல் 520 டிகிரி வரை வைத்து, உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வரவிட்டு, பிறகு மெதுவாக இறக்க வேண்டும். போரோவுக்கு இது 565-ஐ ஒட்டி இருக்கும். இதற்குப் பெயர்தான் அனீலிங். நான் ஒரு மணி நேரம் வைத்து, 370 டிகிரி வரை மணி நேரத்துக்கு ஐம்பது அறுபது டிகிரிக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்கிறேன். அப்புறம் அணைத்துவிட்டுத் திறக்காமல் விட்டுவிடுவேன். இந்தத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

அதனால் சூளை வாங்கும்போது அளவை விட டிஜிட்டல் கண்ட்ரோலரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் இறங்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். கண்ட்ரோலர் இல்லாத சூளையைப் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காக்க வேண்டும். முன்பக்கம் சிறு கதவு இருந்தால் வேலை செய்யச் செய்ய மணியை அது சுற்றப்பட்ட எஃகுக் கம்பியோடு உள்ளே செருகலாம். மேல் மூடி மட்டும் உள்ளது என்றால் ஒவ்வொரு முறையும் சூடு முழுவதும் வெளியே போகும். வீட்டு மின்சுற்று அந்தப் பளுவைத் தாங்குமா என்பதையும் விசாரியுங்கள். உடனே வாங்க முடியாது என்றால் போர்வையில் ஆற வைத்து, இருபது முப்பது சேர்ந்ததும் சூளை உள்ள ஒருவரிடம் கொடுத்து மொத்தமாக அனீல் செய்து வாங்கலாம். அது நல்ல வழிதான், அந்த மணிகளை அதுவரை யாருக்கும் பரிசாகக் கொடுக்காமல் இருந்தால். போர்வையின் நுண்நாரும் வெர்மிகுலைட் தூசியும் மூச்சுக்குள் போகக் கூடாது, முகமூடி வேண்டும்.

மணிக்குள் இறுக்கம் இருக்கிறதா என்று பார்க்கக் காசே செலவில்லாத ஒரு கருவியும் இருக்கிறது. கணினியின் எல்.சி.டி. திரை வெளிவிடுவது முனைவாக்கப்பட்ட ஒளி, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளி. திரையை வெள்ளையாக வைத்து, போலரைஸ்டு வெயில் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி அந்த வெயில் கண்ணாடியைத் திருப்பினால் ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அந்தக் கோணத்தில் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே ஊடுருவும் மணி ஒன்றைப் பிடியுங்கள். இறுக்கம் இருக்கும் இடம் பளிச்சென்று ஒளிரும். வெயிலுக்கு உதவுகிற கண்ணாடி கடைசியில் இதற்காவது பயன்பட்டது.

சின்னச் சாமான்களை வேகமாகத் தாண்டிவிடலாம். மணியைச் சுற்றிக்கட்ட மாண்ட்ரல் என்னும் ஸ்டெயின்லெஸ் கம்பி ஐம்பதாவது வேண்டும். 2.4 மில்லிமீட்டர் கனம் ஆரம்பத்துக்கு நன்றாக இருக்கும். வெல்டிங்குக்கு விற்கும் ஸ்டெயின்லெஸ் கம்பியை வெட்டி, முனையைத் தேய்த்தும் பயன்படுத்தலாம், அதே வேலைதான் செய்யும். கம்பியில் கண்ணாடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க பீட் ரிலீஸ் என்னும் களிமண் கூழ். கிராஃபைட் தட்டு ஒன்று, நீளமான சாமணம் ஒன்று, டங்ஸ்டன் ஊசி ஒன்று. கடையில் காட்டும் அச்சுகள், நசுக்கிகள், விதவிதமான இடுக்கிகள் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். வட்டமாக ஒரு மணி செய்ய வரும் வரை ஒன்றுக்கும் கை போகாது. என்னிடம் இதய வடிவ அச்சு ஒன்று இருக்கிறது, இன்னும் உறை பிரிக்கவில்லை.

கூழ் விஷயத்தில் மட்டும் நிதானம். கெட்டியாகத் தோய்த்தால் காய்ந்து வெடித்து, மணியைச் சுற்றும்போது பொரிப்பொரியாக உதிர்ந்து மணி கழன்று சுற்றும். நீர்த்துப்போனால் மணி கம்பியோடு ஒட்டிக்கொண்டு உயிர் போனாலும் வராது. ஒரே வீச்சில் தோய்த்து, நேராகத் தூக்கி, கீழ்நுனியில் தொங்கும் சொட்டைத் தொட்டு எடுத்துவிட்டு நிற்க வைத்துக் காய விடுங்கள். காய்ந்த பின் மேல்தோல் கடற்கரை ஈர மணல் மாதிரி சொரசொரப்பு இல்லாமல் மங்கலாக இருக்க வேண்டும். முடிந்த மணியின் துளையைச் சுத்தம் செய்வது தண்ணீருக்குள் வைத்துத்தான். உலர்ந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது.

மேஜையின் மேல் தகரமோ சிமெண்ட் பலகையோ, எட்டும் தூரத்தில் தீயணைப்பான், ஒரு வாளித் தண்ணீர், பருத்தி உடை, கட்டிய தலைமுடி. சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுதான் என்று எத்தனை பேர் சொன்னாலும் ஒருமுறை தொட்டுத்தான் தெரிந்துகொள்வோம். தொட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள், எழுந்துவிடாதீர்கள்.

சூளை தவிர மற்றதெல்லாம் சேர்ந்த ஒரு நாளில்தான் பெட்டியிலிருந்து டார்ச்சை எடுத்து மேஜையில் திருகினேன். விசிறியைப் போட்டேன், ஊதுபத்தியைக் கொளுத்திப் பார்த்தேன், புகை வளையாமல் கூண்டுக்குள் போனது. எரிவாயுத் திருகைக் கால் சுற்றுத் திறந்து லைட்டரைக் காட்டினேன். மஞ்சளாக, சோம்பலாக, கரிப்புகையோடு ஒரு சுடர். பச்சைத் திருகைத் தொட்டதும் அது நீலமாக ஒடுங்கி நின்றது. அப்போதுதான் கவனித்தேன், பெட்டியோடு வந்த உத்தரவாதச் சீட்டின் காலம் முந்தின வாரமே முடிந்திருந்தது.